கேஸ் கட்டைப் படிக்கிறவர்: சேலத்தில் ஒரு கிரிமினல் வக்கீல் உருவாகும் விதம்

இந்தியாவில் எந்த ஊர் செசன்ஸ் கோர்ட்டாக இருந்தாலும் சரி, கொலை வழக்கில் புகார் தாமதமாகப் பதிவாகியிருந்தால் எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீல் ஒரு தீர்ப்பை எடுத்து நீட்டுவார். துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு, உச்ச நீதிமன்றம், 1972. அது நம் சேலத்து வழக்கு. சேலம் செசன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டெல்லிக்குப் போன பிறகுதான் ஆள் விடுதலையானார். நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி இருந்தும் வழக்கு நிற்கவில்லை. காவல் நிலையம் சம்பவ இடத்திலிருந்து 2 மைல்தான்; புகார் போய்ச் சேர்ந்ததோ 20 மணி நேரத்துக்கும் மேல் கழித்து. இடையில் என்ன நடந்தது என்பதற்கு அரசு தரப்பால் ஒழுங்கான விளக்கம் தர முடியவில்லை. தாமதமாக வரும் புகாரில் சோடனையும் பின்யோசனையும் கலந்துவிடும் ஆபத்து உண்டு என்று நீதிபதி எச்.ஆர். கன்னா எழுதினார். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

கிரிமினல் வக்கீல் என்றதும் நமக்கு மேஜையைத் தட்டிப் பேசுகிற ஆள்தான் நினைவுக்கு வருவார். சினிமா செய்த வேலை. அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் அப்படிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு என்று தெரியும். பேர் வாங்கிய சீனியர்களில் பலர் முனகுகிற மாதிரிதான் பேசுவார்கள். அவர்களிடம் இருக்கும் சரக்கு வேறு. ஒரு கேஸ் கட்டைப் பிரித்தால் எந்தக் காகிதம் எத்தனை மணிக்கு எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்கத் தெரிந்திருக்கிறது. இருபது முப்பது வருட அனுபவம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் படிப்புதான்.

கட்டு கைக்கு வந்ததும் சீனியர் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் நேரங்களை வரிசையாக எழுதுவார். சம்பவம் எப்போது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது எப்போது, புகார் எப்போது, முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவர் கைக்குப் போனது எப்போது. கடைசியாகச் சொன்னதுதான் சூட்சுமம். கொலை போன்ற வழக்குகளில் எஃப்.ஐ.ஆரை உடனே ஒரு காவலர் மூலம் நடுவருக்கு அனுப்பவேண்டும். நடுவர் அதில் கையெழுத்துப் போட்டு, வாங்கிய நேரத்தையும் குறிப்பார். இரவு 11 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு நடுவரிடம் போயிருந்தால், அந்த 16 மணி நேரம் யார் யார் உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். புகாரின் நேரத்தைப் பின்னால் மாற்றி எழுத முடியும். நடுவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ள நேரத்தை மாற்ற முடியாது.

ஆனால் இதே வாதத்தை ஏற்காட்டு வழக்கில் அப்படியே தூக்கி வைத்தால் அடி வாங்கவேண்டியதுதான். மேலே இருந்து சேலம் வருவதற்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும். மழை, மூடுபனி, கடைசி பஸ் போய்விட்டது என்று அரசு தரப்புக்கு விளக்கம் கையிலேயே இருக்கும், நீதிபதியும் ஏற்றுக்கொள்வார். சேர்வராயன் மலை வழக்குகள் நடத்திப் பழகியவர் அதனால் தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காயம்பட்டவரை ஏற்றிவந்த வண்டி எந்த வழியாக வந்தது என்று பார்ப்பார். ஏற்காடு காவல் நிலையத்தைத் தாண்டித்தான் வந்ததென்றால், ஏன் நிறுத்தவில்லை என்பதே போதுமான கேள்வி.

சேலத்தில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் முதல் பெயர் சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல் சேலத்தில் மதக் கலவரம் வெடித்தபோது, அதைத் தூண்டியதாக அவர் மீதே வழக்குப் போட்டு 10 ஆண்டு தண்டனையும் கொடுத்தார்கள். அதை எதிர்த்துப் போராடி வெளியே வந்தார். அதோடு விடவில்லை. அதே கலவரத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரைக்கும் போனார். 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். எதிரிக் கூண்டு எப்படி இருக்கும் என்று உள்ளே நின்று பார்த்த வக்கீல் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அடுத்தவர் ராஜாஜி. 1900-ல் சேலத்தில் தொழிலைத் தொடங்கி, நல்ல வருமானத்தோடு கிரிமினல் வழக்குகளில் கொடிகட்டிப் பறந்தவர். பெ. வரதராஜுலு நாயுடு மீதான ராஜதுரோக வழக்கில் வாதாடினார். ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது தொழிலை விட்டார். பிறகு முதல்வராகி, 1937 அக்டோபரில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் இதே சேலம் மாவட்டத்தில்தான். அந்த நாளிலிருந்து இன்றுவரை நடுவர் நீதிமன்றங்களில் மதுவிலக்கு வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. வருமானம் தந்த தொழிலைத் தான் விட்டுவிட்டு, பின்னால் வந்த ஜூனியர்களுக்கெல்லாம் வேலை வைத்துவிட்டுப் போனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சரி, இன்றைக்கு ஒருவர் எப்படி வருகிறார்? சட்டப் படிப்பு மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம், சென்னையில் பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அப்புறம் ஒரு சீனியர் ஆபீஸ். முதல் சில வருடங்களில் சட்டத்தை விட அதிகம் கற்றுக்கொள்வது குமாஸ்தாவிடம்தான். நகல் மனு எங்கே போடவேண்டும், எந்த பெஞ்ச் கிளார்க் எத்தனை மணிக்கு சீட்டில் இருப்பார், வாய்தா வாங்க என்ன சொல்லவேண்டும், என்ன சொல்லக்கூடாது. சம்பளம் என்பது பெரும்பாலும் பஸ் காசு. இதைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. சேலம் இரண்டாவது கணக்கில் வரும். அந்த 15,000-ஐப் பற்றி அஸ்தம்பட்டி டீக்கடையில் ஜூனியர்களிடம் கேட்டால் பதில் சிரிப்பாகத்தான் வரும்.

ஜூனியர் முதலில் தனியாகச் செய்வது பெயில் வேலை. இதில் நாள்காட்டிதான் ஆயுதம். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்தவேண்டும். ஆயுள் தண்டனை, மரண தண்டனை, 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றம் என்றால் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவேண்டும். ஆகவில்லையா, ஜாமீன் எதிரியின் உரிமை. ஆனால் மனுவைப் போட்டாகவேண்டும். 91ஆம் நாள் காலையில் ஜூனியர் மனு போடாமல் இருந்து, பகலில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். காலை பத்தரைக்குள் மனு உள்ளே போனதா என்று சீனியர் மூன்று முறை போன் செய்து கேட்பது இதனால்தான்.

ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று சொல்லமுடியாது. சேலம் மத்திய சிறையும் அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது. கோர்ட்டுக்கும் சிறைக்கும் தூரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்குச் சொத்து இருக்கவேண்டும், அதற்குச் சான்று வேண்டும். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற, பட்டா இல்லாத மலைவாசிக்கு யார் வந்து ஜாமீன் நிற்பார்கள்? உத்தரவு கையில் இருக்கும், ஆள் உள்ளேயே இருப்பார். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவர்களைப் பற்றி சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். வெளியே வந்தபின் கண்டிஷன் கையெழுத்து வேறு. தினமும் காலை ஸ்டேஷனில் போய் நிற்கவேண்டும் என்றால் அன்றைய கூலி போச்சு. நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனு பார்வைக்குச் சின்ன மனு. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெரிய வழக்கு.

ஒருவர் சீனியர் ஆனாரா இல்லையா என்பது குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஏற்காடு பக்கம் ஒரு எஸ்டேட், காப்பிப் பழம் பறிக்கிற ஜனவரி மாதம், பொழுது சாயும் நேரத்தில் தகராறு. காயம்பட்டவரைக் கீழே சேலம் ஜி.எச்.சுக்குக் கொண்டுவருகிறார்கள். அவசரப் பிரிவில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்வதில், எழுதுகிறார்: தெரிந்த 2 நபர்கள் தடியால் தாக்கியதாகச் சொல்கிறார். மறுநாள் பதிவான புகாரிலோ 5 பேர், ஆளுக்கொரு கவாத்துக் கத்தி.

புதிதாக வந்த வக்கீலுக்கு இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். எழுந்து நின்று, "டாக்டரிடம் ஏன் 2 பேர் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டுவிடுவார். சாட்சி ஒரு நிமிடம் யோசித்து, "எனக்கு அப்போது மயக்கமாக இருந்தது, கூட வந்தவர்தான் சொன்னார்" என்பார். முடிந்தது. கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டைத் தானே எடுத்து எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாகிவிட்டது.

பழுத்த வக்கீல் வேறு பக்கம் சுற்றி வருவார். ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தாரா? விசாரித்தார். நீங்கள் நினைவோடு இருந்தீர்களா? இருந்தேன். உங்களிடமே கேட்டாரா? ஆமாம். நடந்ததை உள்ளபடி சொன்னீர்களா? சொன்னேன். இப்போது எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. பதிவேட்டில் 2 பேர், தடி என்று இருப்பது சரியா என்று சட்டத்துக்காக ஒரு வரி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். "ஏன்" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. பிற்பாடு டாக்டர் கூண்டேறும்போது பதிவேடு சான்றாவணமாகிவிடும். விளக்கம் சொல்லும் வாய்ப்பே சாட்சிக்குக் கிடைக்காது. அரசு வழக்கறிஞர் மறுவிசாரணையில் ஒட்டுப்போடப் பார்ப்பார். அது ஒட்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே வழக்கில் மாதிரி வரைபடத்தையும் பார்ப்பார். சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பார்வை மகஜரோடு புலன்விசாரணை அதிகாரி வரையும் அந்தப் படத்தில் மின்கம்பம் இருக்கிறதா? ஜனவரி மாதத்து ஏற்காட்டில் ஆறரை மணிக்கு மேல் வெளிச்சம் ஏது? விளக்கு எரிந்ததா என்று மின்வாரியத்து ஆளைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்களா? 5 பேரின் முகத்தையும் கையிலிருந்த கத்தியையும் தனித்தனியாகப் பார்த்தேன் என்று சொன்ன சாட்சி, அந்த இருட்டில் தட்டுத் தடுமாறுவார்.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பாத்திரம் வி.ஏ.ஓ. போலீசிடம் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னால் கோர்ட்டில் செல்லாது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் போலீஸ் இல்லை. அதனால் எத்தனையோ வழக்குகளில், கொலை செய்தவர் சில நாள் கழித்து நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய், முன்பின் தெரியாத அவரிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லி, அவர் அதை எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகக் கதை வரும். நீதிமன்றங்கள் இதைப் பல முறை சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன. எதிரிக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் முன்பழக்கம் உண்டா, சொந்தக்காரன், ஊர்ப் பெரியவர், வக்கீல் எல்லோரையும் விட்டுவிட்டு இவரிடம் ஏன் போனார் என்று சீனியர் வி.ஏ.ஓ.விடம் நிதானமாகக் கேட்பார். இந்த இடத்தில் மட்டும் "ஏன்" கேட்கலாம். பதில் அங்கே இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இதோடு சேர்ந்து வருவது பொருள் கைப்பற்றல். போலீஸ் காவலில் சொன்ன வாக்குமூலத்தில் ஒரு பகுதி மட்டும், அதாவது அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும், சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு. "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்ற வாசகம் பல கட்டுகளில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் அத்தாட்சியில் கையெழுத்துப் போட்ட சாட்சி யார், வேறு எத்தனை வழக்கில் இதேபோல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தேடினால் சில சமயம் சுவாரசியமான விஷயம் கிடைக்கும்.

சாட்சிகள் பிறழ்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் சமாதானம் ஆகி, சாட்சி கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று பல்டி அடித்து வழக்கு முடிவது சாதாரணம். இப்படி வரும் விடுதலையை நல்ல சீனியர்கள் தங்கள் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறழ்ந்த சாட்சியின் வாக்குமூலத்தில் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பது நிலைபெற்ற சட்டம். சாட்சியைக் கலைத்தது வக்கீல்தான் என்ற பெயர் ஒரு தடவை ஒட்டினால் கடைசிவரை போகாது.

மேல்முறையீட்டுக்கு சேலம்காரர்கள் சென்னைக்குத்தான் போகவேண்டும், மதுரைக் கிளை இந்த மாவட்டத்துக்கு இல்லை. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரசில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, உயர் நீதிமன்றத்தில் சீனியரிடம் கட்டைக் கொடுத்துக் குறிப்புச் சொல்லிவிட்டு ஊர் திரும்புவது இங்குள்ள கிரிமினல் வக்கீல்களுக்குப் பழகிய பயணம். அதில் கணிசமான பங்கு குண்டாஸ் வழக்குகளுக்கானது. 1982ஆம் வருடச் சட்டத்தின் கீழ் மாநகரத்தில் போலீஸ் கமிஷனரும் மற்ற இடங்களில் கலெக்டரும் ஒருவரை விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்க உத்தரவு போடலாம். இதை உடைப்பதற்கு வழி ஆட்கொணர்வு மனு. இங்கேயும் காகிதம்தான் பேசும். கைதிக்குக் கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்கமுடியாமல் இருந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்க விளக்கமில்லாத தாமதம் என்ற காரணங்களுக்காக ரத்தான உத்தரவுகள் ஏராளம். உள்ளூர் வக்கீல் அந்த மங்கலான ஜெராக்ஸைக் கவனித்து எடுத்துவைத்திருந்தால்தான் சென்னையில் பேசுகிறவருக்கு வேலை.

கல்யாண வீட்டில், பஸ்ஸில், பேத்தியின் பள்ளிக்கூட விழாவில் இவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தப்பு செய்தவன் என்று தெரிந்தும் எப்படி சார் வாதாடுகிறீர்கள்?" இதற்குச் சட்டத்தின் பதில் பக்கத்து ஊர் வழக்கிலேயே கிடைக்கிறது. கோவையில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் மோதல் ஏற்பட்டு, சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2010-ல் முகமது ரபி வழக்கில் இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்றது. எவ்வளவு கொடூரமான குற்றச்சாட்டாக இருந்தாலும் எதிரிக்காக வாதாட ஆள் வேண்டும். பார் கவுன்சில் விதியும், எதிரி குற்றவாளிதான் என்று வக்கீல் மனதில் நினைத்தாலும் அந்த நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்காக வாதாடவேண்டும் என்கிறது. தாங்களே போலீசை எதிர்த்துத் தீர்மானம் போட்டபோதுதான் இந்தப் பாடம் வக்கீல்களுக்கு நினைவூட்டப்பட்டது என்பது எனக்கு ரசமாக இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் மாறிவிட்டன. கொலைக்கு முப்பது வருடம் 302 என்று சொன்ன நாக்கு 103 என்று சொல்லப் பழகவேண்டும். மோசடிக்கான 420-க்கு இப்போது 318(4). ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் ஒரே காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசவேண்டியிருக்கிறது. எண்களைவிட முக்கியமான மாற்றம் வேறு. சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவில் பதிவு செய்யவேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்பதும் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அத்தாட்சியில் ஒரே சாட்சி திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்ட காலம் இதனால் முடியலாம். முடிந்தால் நல்லதுதான். ஆனால் வீடியோவுக்கும் நேரம் உண்டு, சான்றிதழ் உண்டு, எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரம் உண்டு. வயதான சீனியர்கள் ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். நாற்பது நிமிட மகஜருக்கு நாலு நிமிட வீடியோ என்றால் மிச்ச நேரம் எங்கே என்று தேடுவதில் அவர்களுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? முன்பு சட்ட உதவியில் ஒரு வழக்குக்கு ஒரு வக்கீல் என்று நியமிப்பார்கள். தொகை சொற்பம், ஆர்வமும் அப்படியே. இப்போது மாவட்டங்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் என்று முழுநேர அலுவலகமே வந்திருக்கிறது. அதன் தலைமை வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 வருடக் கிரிமினல் அனுபவம் வேண்டும், தனியாக வழக்கு எடுக்கக்கூடாது. யாராவது திடீரென்று கைதானால் குடும்பம் வட்டிக்குப் பணம் வாங்க ஓடுவதற்கு முன்னால் 15100 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். பெரும்பாலான வழக்குகளின் எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம், பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் மட்டும் அதில் இருக்காது. காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். நகலுக்கு மனு போட்டு வைக்கவேண்டும். யார் வக்கீலாக வந்தாலும் முதலில் கேட்கப்போவது இந்த இரண்டைத்தான்.